எட்டுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் பெரிய மாமா வீடு. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அமெரிக்காவில் வாங்கிய பேஸ்பால் கார்டை எடுத்துக் காட்டினார். 1975-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்டது, பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட்டின் படம் போட்ட அறிமுகக் கார்டு. கெட்டி பிளாஸ்டிக் உறை, மேலே, கார்டுகளின் தரத்துக்கு மார்க் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் லேபிள்: ‘8 ஓசி’.

“பத்துக்கு எட்டு, நல்ல மார்க்தானேடா?”

“அந்த ஓசியைப் பாருங்க மாமா.”

ஓசி என்றால் ஆஃப் சென்டர். படம் நடுவில் இல்லாமல் ஒதுங்கி அச்சாகியிருக்கிறது. இடது ஓரம் நூல் அளவு, வலது ஓரம் தாராளம். மூலைகள் மட்டும் இன்னும் கூர்மை, அவ்வளவு அழகு! சேகரிப்பாளர்களின் கார்டுத் தொகுப்புகளை வரிசைப்படுத்தும் பிஎஸ்ஏவின் செட் ரெஜிஸ்ட்ரியில் இப்படி எழுத்து ஒட்டிய கார்டுக்கு இரண்டு மார்க் கழித்துத்தான் கணக்கு. எம்கே என்றால் பேனாக் கிறுக்கல், எஸ்டி என்றால் கறை. எண்ணே இல்லாமல் ‘அதென்டிக்’ என்று மட்டும் இருந்தால், கார்டு அசல்தான், ஆனால் ஓரம் வெட்டியிருக்கலாம்.

அப்புறம், லேபிளை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிஎஸ்ஏ 8 கொடுத்த புகழ்பெற்ற கார்டு ஒன்று, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடையது; அதன் ஓரத்தை வெட்டியதை ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

மாமா பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடது ஓரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.