பெல்கிரேடில் இல்லாத அரண்மனையைத் தேடி

டாக்சிக்காரரிடம் இழந்த 4,000 தினாரை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. விமான நிலைய வாசலிலேயே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். நம் காசில் சுமார் 3,400 ரூபாய்! செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடில் 2025 ஜனவரி முதல் நகரப் பஸ்களுக்கு டிக்கெட்டே கிடையாது, 72ஆம் எண் பஸ் அங்கிருந்தே ஊருக்குள் வருகிறது என்பதெல்லாம் விடுதிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த மூன்று நாளும் தேவை இருக்கிறதோ இல்லையோ, பஸ்ஸில் ஏறி ஏறி இறங்கினேன்.

நான் போனது ராணி டிராகாவுக்காக. செர்பிய அரசன் அலெக்சாண்டர் ஒப்ரெனோவிச் 1900-ல் இவரை மணந்தபோது மந்திரிசபையே ராஜினாமா செய்தது. டிராகா செய்த குற்றம்? அரசனின் தாய் நத்தாலியாவுக்குத் தோழியாக இருந்தவர். எஞ்சினியர் ஒருவரின் விதவை. மாப்பிள்ளையைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். போதாததற்குப் பிள்ளையும் இல்லை. நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல இல்லையா? கர்ப்பம் என்று அறிவித்து, 1901-ல் அது பொய் என்றானதும் ஊரே சிரித்தது. அடுத்து, டிராகாவின் தம்பிக்குப் பட்டம் கட்டப் போகிறார்கள் என்ற வதந்தி. ராணுவம் கொதித்தது.

ஆனால் அரசன் மட்டும் யோக்கியனா? அரசியல் சட்டத்தை இஷ்டத்துக்கு மாற்றியவன் அவன். வசவு முழுக்க டிராகா தலையில்!

1903 ஜூன் 11 அதிகாலை, ராணுவ அதிகாரிகள் அரண்மனைக் கதவை வெடி வைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். விளக்குகள் அணைந்துவிட்டன. மெழுகுவத்தியோடு அறை அறையாகத் தேடி, ஒரு சின்ன உடுப்பறையில் ஒளிந்திருந்த இருவரையும் கண்டுபிடித்துச் சுட்டார்கள், வாளால் வெட்டினார்கள், உடல்களைத் தோட்டத்தில் வீசினார்கள். டிராகாவின் இரண்டு சகோதரர்களையும் அதே இரவில் கொன்றார்கள். சதிகாரர்களில் ஒருவர் டிராகாவின் முதல் கணவரின் சகோதரர். இன்னொருவர் அபிஸ் என்ற திமித்ரியெவிச். முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய, ஆஸ்திரிய இளவரசரின் 1914 சரயேவோ கொலைக்குப் பின்னால் இருந்தவரும் அவரே.

அந்த அரண்மனையைப் பார்க்கத்தான் மூச்சு வாங்க நடந்தேன். அங்கே புல்லும் மரமும்தான். 1904-லேயே இடித்துத் தள்ளிவிட்டார்களாம். இதைக்கூடப் படிக்காமல் கிளம்பிய என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கும் பழைய அரண்மனை இப்போது மாநகர மன்றம். தெருவின் பெயரோ மிலான் அரசர் தெரு! இந்தத் திருமணம் பிடிக்காமல் நாடு திரும்பாமலேயே 1901-ல் வியன்னாவில் இறந்த மாமனார் அவர். மருமகள் பெயரில் ஒரு சந்தாவது இருக்குமா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கண்ணில் படவில்லை.

கால் கடுக்க நின்றபோது பசி. பாலாடைக்கட்டி வைத்த பூரெக்கும் ஒரு கோப்பைத் தயிரும். நம் பரோட்டாவை இன்னும் மெல்லிய அடுக்குகளாக்கி அடுப்பில் சுட்டதுபோல. எண்ணெய் விரலில் வழிந்தது. ஒன்றே இரண்டு வேளைக்குப் போதும்; டாக்சிக் கணக்கில் கொஞ்சம் ஈடுகட்டியாயிற்று.

கடைசியாகப் புனித மார்க் தேவாலயம். உள்ளே நுழைந்ததும் பதினான்காம் நூற்றாண்டுச் செர்பியப் பேரரசர் துஷானின் கல்லறைக்கு முன்னால் ஒரே கூட்டம். டிராகாவும் அலெக்சாண்டரும் நிலவறையில், எங்கள் காலுக்கடியில். மெழுகுவத்தி ஏற்றலாமா என்று யோசித்தேன். அந்த இரவு நினைவுக்கு வந்தது. ஏற்றாமல் வந்துவிட்டேன்.