மாலை போட்ட மச்சானும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

கோவையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் கடைப் பெயர்களை அடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குடும்பத்தோடு போவதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு தடவை தினசரிக் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். வெள்ளியா, சனியா, கிருத்திகையா, அமாவாசையா, வீட்டில் யாராவது பழனிக்கு மாலை போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கொங்கு வீடுகளில் ஹோட்டல் பேச்சே ஆரம்பிக்கும். கல்யாணமான புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போதோ, காலண்டர் இழுக்கிற வழியில் போனால்தான் கோவையில் ஒழுங்காகச் சாப்பிட முடியும் என்ற கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நான் திருநெல்வேலிக்காரன், வேலை சென்னையில். மனைவிக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். மாமாவும் அத்தையும் இப்போது மனைவியின் அண்ணன் வீட்டில், சாயிபாபா காலனியில் இருக்கிறார்கள். குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததால் முன்னால் வெள்ளிக்கு ஒரு விடுப்பைப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு சேரன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் கல்லூரி நண்பனும் மனைவி, மகளோடு எங்களுடன் சேர்ந்துகொண்டான். அவன் திருச்சிக்காரன். கிழமை எதுவானாலும் மூன்று வேளையும் கறி இருந்தால் சந்தோஷப்படுகிற ஆள்.

வீட்டுக்குள் நுழைந்தால் மச்சான் பச்சை வேட்டியில் நிற்கிறார். தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தார். பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி வரை நடை, நூறு கிலோமீட்டருக்கு மேல். தை மாதத்தில் அந்தச் சாலையில் காரில் போனவர்களுக்குத் தெரியும், ஓரமாகக் கூட்டம் கூட்டமாகக் காவடியும் அரோகராவும் போய்க்கொண்டே இருக்கும். மாலை போட்டவர் கறி சமைக்கிற கடைப் படியைக்கூட மிதிக்க மாட்டார். அத்தைக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் சைவம். மாமாவுக்குக் கொள்கை ஏதும் கிடையாது, ஆனால் அத்தையின் கண் எதிரே சாப்பிட வேண்டும் என்கிற சிக்கல் இருக்கிறது. ஆக வெள்ளி, சனி சைவம், ஞாயிறு கறி என்று வாசலிலேயே திட்டம் முடிந்தது. நண்பனின் முகம் வாடியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெள்ளி சாயங்காலம் ஆர்.எஸ்.புரம். இரத்தினசபாபதிபுரம் என்று முழுப் பெயர் சொன்னால் ஆட்டோக்காரருக்கே ஒரு நொடி பிடிபடாது. கோவையில் சைவ டிபன் என்றால் பேச்சு அன்னபூர்ணாவில்தான் போய் நிற்கும். 1968இல் தாமோதரசாமி நாயுடு தொடங்கியது. இன்றைக்கும் ஊர்க்காரர்கள் விருந்தாளியை முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார்கள். தட்டில் இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றி, மேலே கொஞ்சம் நெய் விட்டு, சின்ன வெங்காயம் மிதக்க வருகிற சாம்பார் இட்லியை ஸ்பூனால் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் சாம்பார் இட்லிக்குத் தொடுகறி, இங்கே இட்லிதான் சாம்பாருக்குத் தொடுகறி. அந்தச் சாம்பாரில் லேசான இனிப்பு இருக்கிறது என்று நான் சொல்ல, அப்படி ஒன்றும் இல்லை என்று மனைவி மறுக்க, வருஷக்கணக்காக இந்த வழக்கு ஓடுகிறது.

இந்த ஊரில் மாவு நன்றாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு ஓடுகிற வெட் கிரைண்டர் கோவைச் சரக்கு, புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. தண்ணீர் சிறுவாணி. காபி நன்றாக இருந்தால் கோவைக்காரர் கடைக்காரரைப் பாராட்ட மாட்டார், சிறுவாணியைத்தான் பாராட்டுவார்.

சாப்பாட்டைவிட எனக்குப் பிடித்தது பக்கத்து மேஜைதான். அங்கே ஒரு வயதான தம்பதி ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா திரும்பிப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க?"

"கவுந்தப்பாடிங்க."

"கவுந்தப்பாடில எங்கீங்க?"

அவ்வளவுதான். நாட்டுச் சர்க்கரைச் சந்தையில் தொடங்கி, ஆலை, தோட்டம், யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று போய், காபி வருவதற்குள் அத்தையின் பெரியம்மா வழியில் அவர்கள் பங்காளி முறை ஆகிவிட்டார்கள். என் பிள்ளைகள் அந்தப் பெரியவரைத் தாத்தா என்று கூப்பிட, 'அப்பாருன்னு சொல்லோணும் கண்ணு' என்று திருத்தினார். பில்லுக்குக் கை நீட்டினால் பில் வரவில்லை. கை கழுவப் போகிற சாக்கில் மாமா கல்லாவில் கட்டிவிட்டு வந்திருந்தார், அந்தப் பெரியவர் மேஜைக்கும் சேர்த்து. அவர் எழுந்து வந்து சட்டைப் பையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டதில் எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டு மொய்ச் சண்டை எல்லாம் தோற்றுவிடும்.

சனிக்கிழமை பகலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருதமலை போய்வந்து தூங்கினோம். நாலு மணிக்குப் பேக்கரி. கோவையின் பேக்கரிகளைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். தெரு முனைக்கு ஒன்று, எல்லாவற்றிலும் நின்றுகொண்டே டீ குடிக்கிற கூட்டம், தேங்காய் பன், முட்டை பப்ஸ், பஜ்ஜி. பெண்கள், கைக்குழந்தைகள், காலேஜ் பிள்ளைகள் என்று சகலரும் அங்கேதான். சென்னை டீக்கடையில் குடும்பத்தோடு நிற்பது இன்னும் கொஞ்சம் சங்கடம்தான். இங்கே அது கிடையாது. என் மகன் கிரீம் பன் கேட்டதும் நண்பன் சிரித்தான். 2024 செப்டம்பரில் இதே ஊரில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார் என்று அன்னபூர்ணா சீனிவாசன் நிதியமைச்சரிடம் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு கோவையில் யாரும் கிரீம் பன்னை முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்பதில்லை.

இருட்டிய பிறகு உக்கடம் பெரியகுளம். நொய்யல் தண்ணீர் வந்து நிரம்புகிற குளங்களில் ஒன்று. கரையைச் சீர்படுத்தி நடைபாதை போட்ட பிறகு சனி, ஞாயிறுகளில் பாதி ஊர் இங்கேதான் இருக்கிறது. ஜனவரியில் ராத்திரிக் குளிர்காற்று சட்டைக்குள் புகுந்து ஆளை உலுக்கும். அந்தக் குளிருக்கு ஏற்றது தள்ளுவண்டிக் காளான்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இது காளான் வறுவல் கிடையாது. காளானையும் முட்டைக்கோஸையும் மைதா மாவில் பிசைந்து பொரித்து வைத்திருப்பார்கள். பெரிய தோசைக்கல்லில் அதைப் போட்டு, மசாலாத் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் டங்டங்கென்று கொத்திக் குழைத்து, மேலே வெங்காயம், மல்லித்தழை, நொறுக்கிய சிப்ஸ் தூவிச் சின்னத் தட்டில் தருவார்கள். சில வண்டிகளில் கோஸ்தான் முக்கால்வாசி, காளான் பெயருக்கு. அதனால் ருசி ஒன்றும் குறைவதில்லை என்பதுதான் வேடிக்கை. சிவப்புச் சாயம் அள்ளிப் போடுகிற வண்டியைத் தவிர்த்துவிட்டு, கல் சுத்தமாக இருக்கிற வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். மச்சான் இரண்டு தட்டு சாப்பிட்டார். அத்தை ஒரு வாய் வைத்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "கறியாட்டவே இருக்குதே, சனிக்கிழமையும் அதுவுமா" என்றார். மாமா அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம் நண்பனுக்கு விடிவு காலம். மச்சானும் அவர் மனைவியான அக்காவும் வீட்டிலேயே இருந்துகொள்ள, மற்ற எல்லோரும் அவிநாசி சாலைப் பக்கம் ஒரு அசைவ மெஸ்ஸுக்குக் கிளம்பினோம். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் வந்த பிறகு அந்தச் சாலையில் போவது சுகமாகிவிட்டது. ஆனால் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் கீழேதான் போக வேண்டும், கடைகள் எல்லாம் கீழே இருக்கின்றன. பாலத்தில் ஏறிவிட்டால் அடுத்த இறக்கம் வரை பசியோடுதான்.

ஒரு மணிக்கு மேல் போனால் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இலை போட்டதும் முதலில் வந்தது பள்ளிபாளையம் சிக்கன். பள்ளிபாளையம் ஈரோட்டுக்கு எதிர்க்கரை. நடுவில் காவிரி, அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம், விசைத்தறி ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஓடுகிற இந்தக் கறியில் சேருவது கொஞ்சம்தான்: சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய கோழி, விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். தக்காளி, பட்டை, கிராம்பு எதுவும் கிடையாது. விதையை எடுத்துவிடுவதால் மிளகாயின் நிறமும் வாசனையும் இறங்கும், காரம் பாதிதான். என் மகள் தேங்காயை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறியில் அந்த மஞ்சள் தனியாகத் தெரிகிற மாதிரி சமைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் மசாலா அரைக்கிற கையும் செட்டிநாட்டுக் கையும் இங்கே வேலைக்கு ஆகாது. கறியின் ருசியை மசாலா மூடக்கூடாது என்பதில் கொங்குக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது, திருநெல்வேலியில் இதைச் சொன்னால் வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

அடுத்து கலக்கி. முட்டையில் கொஞ்சம் குழம்பை விட்டுக் கலக்கி, கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாததுமாகச் சுருட்டி எடுப்பது. சென்னையில் இப்போது போர்டில் எழுதி வைக்கிறார்கள், ஆனால் முழுசாக வேகவைத்து ஆம்லெட்டாகத் தந்துவிடுகிறார்கள். கலக்கி இலையில் விழுந்ததும் கொஞ்சம் ஆட வேண்டும். நண்பன் கணக்கில்லாமல் வாங்கினான். குடல் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, ரத்தப் பொரியல் எல்லாம் மாமா தலைமையில் நடந்தது. "மாப்ள, இன்னொரு கரண்டி போட்டுக்குங்க, ஒண்ணும் பண்ணாது." ஞாயிறு என்பதால் அத்தையும் கண்டுகொள்ளவில்லை, அவரும் தலைக்கறியில் மும்முரமாக இருந்தார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கிராமத்துச் சாப்பாடு என்று மாட்டுவண்டிச் சக்கரத்தையும் அரிக்கேன் விளக்கையும் மாட்டி வைத்திருக்கிற ஓர் இடத்துக்கு அன்று ராத்திரி நண்பன் ஆசைப்பட்டு இழுத்துப்போனான். பெயர் வேண்டாம். சந்தகை கேட்டோம், ஆறிப்போன இடியாப்பம் வந்தது. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து வேகவைப்பார்கள். சந்தகைக்குப் புழுங்கல் அரிசி மாவை இட்லியாக அவித்துவிட்டு, கை சுடச்சுட அந்த இட்லியைப் பிழிய வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் அழுத்த, பிழிந்த உடனே தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் விட்டுச் சாப்பிட வேண்டிய பண்டம். ஐந்து நிமிஷம் தாமதித்தால் ரப்பர். ஹோட்டலில் அது சரிவராது, அவர்களைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுக் கடைசல் இவற்றையும் அதே பட்டியலில் சேர்க்கலாம். யார் வீட்டுக்காவது போய்ச் சாப்பிடுங்கள். கொங்கு வீட்டில் சொந்தம் இல்லையே என்றால், டிபன் கடையில் பக்கத்து மேஜைக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது மச்சான் அரிசியும் பருப்பும் சாதத்தில் ஊத்துக்குளி வெண்ணெயை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கெட்டித்தயிர், சுட்ட அப்பளம். நண்பன் அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றதில் அக்கா அவனுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டார். அவன் மறுக்கவில்லை.

மச்சான் தைப்பூசம் முடிந்து மாலையைக் கழற்றியதும் கோபித் தோட்டத்தில் கிடா விருந்து என்று சொல்லியிருக்கிறார். என்றைக்கு என்பதை அத்தை காலண்டர் பார்த்துச் சொல்வார். புரட்டாசியில் மட்டும் வைத்துவிட வேண்டாம் என்று நண்பன் தனியாகப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.