93க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 44

ஒரு விமானம் நேரத்துக்குக் கிளம்பாவிட்டால், அதற்கான காரணத்தை இரண்டு இலக்க எண்ணாகப் பதிவு செய்வது விமானப் போக்குவரத்தில் பொதுவான நடைமுறை. 41 என்றால் விமானத்தில் கோளாறு. 44 என்றால் உதிரி பாகம் இல்லை. 93 என்றால் முந்தைய செக்டரிலிருந்து, அதாவது முந்தைய ஊர்ப் பயணத்திலிருந்து, விமானம் தாமதமாக வந்தது. பதிவேட்டைப் புரட்டினால் கண்ணில் அதிகம் படுவது 93தான். காலை முதல் செக்டரில் விழும் ஒரே ஒரு 44, மாலைக்குள் நான்கைந்து 93களாகப் பெருகிவிடும். ஏர் இந்தியாவின் நேரந்தவறாமையை எடைபோட விரும்புகிறவர்கள் அந்த முதல் எண்ணைத் தேடிப் போக வேண்டும்.

ஏ320 ரக விமானம் ஒன்று தரையில் நிற்கும் அரை மணி சொச்சத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சக்கரங்களுக்குச் சோக் (தடைக்கட்டை) வைத்து, தரை மின்சாரம் இணைத்ததும் கதவு திறக்கும். 180 பேர் ஒரே கதவு வழியாக இறங்க எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். அதே நேரத்தில் கீழே சரக்கறையிலிருந்து பெட்டிகள் இறங்கும். இறக்கையருகே எரிபொருள் ஏறும். பயணிகள் இறங்கியபின் துப்புரவு, உணவுத் தள்ளுவண்டி மாற்றம், பிறகு ஏறுதல். எடைக் கணக்கைக் காட்டும் லோடுஷீட்டைக் கேப்டன் ஏற்ற பிறகே கதவு அடைபடும். செக்-இன் செய்த ஒருவர் வாசலுக்கு வராமல் போனால் அவருடைய பெட்டியைத் தேடி எடுத்து இறக்க வேண்டும். அது சரக்கறையின் உள்பக்கம் மாட்டியிருந்தால் அந்த ஒன்றுக்கே கால் மணி போய்விடும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கிளம்பினால்தான் 'நேரத்துக்கு' என்று கணக்கில் வரும்.

இண்டிகோ வென்ற இடம் இந்த அரை மணிதான். 2006 ஆகஸ்டில் தொடங்கியபோதே அவர்களிடம் 100 ஏ320 விமானங்களுக்கான ஆர்டர் இருந்தது. சூடான உணவு இல்லாததால் தள்ளுவண்டி மாற்றும் வேலை குறைவு. படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம். 2022இல் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என்று மூன்று கதவுகளில் பயணிகளை இறக்கத் தொடங்கி, இன்னும் ஐந்தாறு நிமிடம் மிச்சம் பிடித்தார்கள். ஏர் இந்தியா போல உணவும் தரும் முழுச்சேவை நிறுவனம் இந்த வேகத்தை அப்படியே பின்பற்ற முடியாது. அதற்கு வேறு பலம் வேண்டும்: கோளாறு வந்தால் மாற்றிவிட ஒரு விமானம், மாட்டிவிட ஒரு பாகம்.

ஏர் இந்தியாவுக்கு அங்கேதான் அடி விழுந்தது. 1953இல் நாட்டுடைமையானபோது வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இண்டர்நேஷனல், உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். முன்னது போயிங் வழியே போனது. பின்னது ஏர்பஸ் வழியே போனது. 2007இல் இரண்டையும் இணைத்தபோது பெயர் ஒன்றானது, கிடங்கு ஒன்றாகவில்லை. போயிங் 747, 777, ஏர்பஸ் ஏ320 குடும்பம், துணை நிறுவனங்களில் 737, ஏடிஆர், 2012இல் 787. ஏ320களுக்குள்ளேயே 1989இல் வந்தவற்றில் வி2500 எஞ்சின், 2006க்குப் பின் வந்தவற்றில் சிஎஃப்எம்56. ஒவ்வொரு ரகத்துக்கும் தனி விமானி, தனி உரிமம் பெற்ற பொறியாளர், தனி உதிரி பாகங்கள். தொலைதூரம் பறக்கும் பெரிய 777 படுத்தால் சிறிய ஏ321ஐ அனுப்ப முடியாது. அமெரிக்காவுக்கு இடைநில்லாமல் பறக்க வாங்கிய 777-200எல்ஆர் விமானங்களில் ஐந்தை எரிபொருள் செலவு தாங்காமல் அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்க நேர்ந்தது.

பணமுடை வந்தால் முதலில் வறளுவது உதிரி பாகக் கிடங்கு. எந்தக் குறையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்பதற்குக் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'பி' வகைக் குறைக்கு 3 நாள், 'சி' வகைக்கு 10, 'டி' வகைக்கு 120. கெடு முடிவதற்குள் பாகம் வராவிட்டால் விமானம் நிற்க வேண்டியதுதான். அப்போது, ஏற்கெனவே நிற்கும் இன்னொரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி மாட்டுவார்கள். ஒரு முறை கழற்றி மாட்ட வேண்டிய பாகத்தை இரண்டு முறை கழற்றி, இரண்டு முறை மாட்டி, இரண்டு முறை சோதிக்க வேண்டும். கொடுத்த விமானமோ மேலும் மேலும் வெறுமையாகிக்கொண்டே போகும். 2022 ஜனவரி 27இல் டாடா குழுமம் பொறுப்பேற்றபோது பாகமும் எஞ்சினும் இல்லாமல் நின்ற விமானங்களை மீட்டெடுப்பதே முதல் பெரிய வேலையாக இருந்தது. 2023இல் அறிவித்த 470 விமானங்களின் ஆர்டர் தலைப்புச் செய்தியானது. அந்த மீட்பு வேலை அதைவிட முக்கியம் என்பது எங்கள் கருத்து.

உபரி இருந்தால் நேரம் தவறாது என்பதற்கு ஏர் இந்தியாவின் தொடக்கமே நல்ல சான்று. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழை கொட்டிய மாதங்களிலும் சென்னைக்குத் தபால் ஒருமுறைகூடப் பிந்தவில்லை என்று முதலாண்டு முடிவில் சிவில் விமானத் துறை பாராட்டியது. விமானிகளின் திறமைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் சேவை வாரம் ஒருமுறை, கையில் ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானங்கள் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருந்தது. அன்றைக்கு இருந்த அந்த உபரி பிற்காலத்தில் கிடைக்கவே இல்லை.

உபரி இல்லாமல் ஓடினால் இண்டிகோவுக்கும் இதே கதிதான். 2023 முதல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் சிக்கலில் அவர்களுடைய விமானங்கள் பல நின்றன. அதே எஞ்சினை நம்பிய கோ ஃபர்ஸ்ட் மூடியே போனது. பிறகு புதிய விதிகளால் விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவில் இறங்கும் வரம்பு ஆறிலிருந்து இரண்டானது. அதற்கேற்ப ஆட்கள் இல்லாததால் 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான இண்டிகோ சேவைகள் ரத்தாயின.

துபாயின் எமிரேட்ஸோடு ஏர் இந்தியாவின் போட்டி வேறு மாதிரி. உலகில் அதிக 777களை இயக்குவது அவர்கள்தான். துபாயில் ஒன்று படுத்தால் பக்கத்திலேயே அதே ரகம் நிற்கும். சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் மேற்கே போகிறவர்கள் துபாயில் மாறிச் செல்லத் தயங்காததற்குக் கட்டணம் மட்டுமே காரணம் அல்ல. அமெரிக்காவில் ஏர் இந்தியாவின் 777 ஒன்று நின்றால் அதன் பாகம் டெல்லியிலிருந்து போக வேண்டும். தாமதம் மணிக்கணக்கில் நிற்காது, நாளாகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடியபின் டெல்லி–அமெரிக்கா சேவைகள் சில வியன்னாவில் எரிபொருளுக்காக இறங்கின. அதில் விமானிகளின் பணி நேரமும் கரைந்தது.

2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் விழுந்த 787இல் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். தரையிலும் உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குப் பிறகு ஏர் இந்தியா பெரிய விமானங்களின் சர்வதேசச் சேவைகளைச் சில வாரங்களுக்கு 15 சதவீதம் குறைத்தது. மாற்று விமானத்தைக் கையில் வைத்திருப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அட்டவணையைச் சுருக்கி உபரியை உண்டாக்கிய அந்த முடிவு சரியானது. விபத்துக்குப் பிந்தைய பாதுகாப்புச் சோதனைகள் முடிந்து சேவைகள் திரும்பியபின், பழைய 787கள் இருக்கை மாற்றத்துக்காக முறைவைத்து வெளியே போகின்றன. அவை திரும்பும்வரை டெல்லியில் ஸ்டேண்ட்பையாக ஒரு பெரிய விமானத்தையாவது விற்பனைக்குத் தராமல் வைத்திருக்க வேண்டும். டிக்கெட் விற்கும் துறை அதைக் கேட்டால், செயல்பாட்டுக் கட்டுப்பாட்டு அறை மறுக்க வேண்டும்.