ஆறு பின் ஃபேனும் ஒற்றை ஹெடரும்

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் ஃபேன் வாங்கக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, மதர்போர்டின் (எல்லாப் பாகமும் இணையும் பெரிய போர்டு) ஓரம் முழுவதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஃபேன் ஹெடர் (ஃபேன் ஒயரைச் செருகும் பின் வரிசை), ஒவ்வொன்றிலும் எத்தனை பின், பக்கத்தில் என்ன எழுத்து என்பதெல்லாம் தெளிவாகத் தெரியவேண்டும். நான் அந்தப் படத்தோடுதான் போனேன். அப்படியும் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் பிற்பாடு என் பணத்தைக் காப்பாற்றியதும் அந்தப் படம்தான்.

வீடு தண்டையார்பேட்டை. மிஷினில் ப்ராசஸர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600, மதர்போர்டு ஏ520. கேபினெட் விலை மலிவு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று நுழைய இரண்டு ஓரத்திலும் மெல்லிய இடுக்கு மட்டும். பின்னால் ஒரே ஒரு ஃபேன். அதுவும் மோலெக்ஸ் என்ற கரண்ட் பிளக் வழியாக, மிஷினின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக 12 வோல்ட் வாங்குவதால், கேம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். ஏப்ரலில் கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரி. பக்கக் கண்ணாடியை எடுத்து வைத்து அதே கேமை ஓட்டினால் 75. அப்படிக் குறைந்தால் கார்டில் கோளாறு இல்லை, பெட்டிக்குள் காற்று போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத சோதனை இது, முதலில் இதைச் செய்து பாருங்கள். சரி, அப்படியே திறந்து வைத்துக்கொள்ளலாமே என்றால், கன்டெய்னர் லாரி ஓடும் எங்கள் பக்கத்தில் அது நடக்காது. ஒரு வாரத்தில் போர்டின் மேல் கறுப்பாகப் படிந்துவிடும். கடற்காற்றின் ஈரம் சேர்ந்தால் அது ஊதினாலும் போகாது.

மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி நடந்தால் கடை. அங்கே மூன்று ஃபேன் செட் ஒன்றை எடுத்து வைத்தார் கடைப் பையன். கலர் கலராக எரியும் ரகம். படத்தைக் காட்டி, "ஒரே ஒரு 4 பின் ஹெடர்தான் இருக்கு, இதுல போடுமா?" என்று கேட்டேன்.

"எல்லா போர்டுக்கும் போடும் ப்ரோ."

"பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?"

"சீல் உடைச்சா எடுத்துக்கணும் ப்ரோ."

பெட்டியின் மேல் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டதற்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னாரே என்று வாங்கினேன்.

வீட்டில் திறந்தால் ஒவ்வொரு ஃபேனிலும் பட்டையான ஒரே ஒயர், முனையில் ஆறு பின். மோட்டாருக்கான கரண்டும் விளக்குக்கான சிக்னலும் அந்த ஒரே முனையில் வரும். அது மதர்போர்டின் எந்த ஹெடரிலும் நுழையாது. அந்தக் கம்பெனியின் ஹப், அதாவது பல ஃபேன்களைச் செருகும் இணைப்புப் பெட்டி, தனியாக வேண்டும், அது இந்தப் பெட்டியில் இல்லை. சரி, வேறு கம்பெனி ஹப் வாங்கிப் போடலாமா? கூடாது. ஆறு பின் முனைக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. வடிவம் ஒன்றுபோல இருந்தாலும் எந்தப் பின்னில் கரண்ட், எந்தப் பின்னில் சிக்னல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பான பின்னில் 12 வோல்ட் போனால் விளக்கு காலி.

இதைவிட மோசமான யோசனை எங்கள் தெருப்பக்கத்து சர்வீஸ் கடையில் வந்தது. ஒயரை வெட்டி, விளக்குக்கான பகுதியை மதர்போர்டின் ஆர்ஜிபி (கலர் விளக்கு) ஹெடரில் கொடுத்துவிடலாம் என்றார் அந்த அண்ணன். என் போர்டில் இருப்பது 12 வோல்ட், 4 பின் ஆர்ஜிபி. இந்த ஃபேன் விளக்குகளோ ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் 5 வோல்ட் ஏஆர்ஜிபி வகை, 12 வோல்ட் போனால் கருகிவிடும். ஏஆர்ஜிபிக்கான ஹெடரில் நாலு பின் இடத்தில் ஒன்று காலியாக, மூன்று பின்தான் இருக்கும். "ஆர்ஜிபிதானே, எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். வேண்டாம்ணே என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பவும் ரிச்சி தெரு. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதை அதே பையன் விரலால் தொட்டுக் காட்டினார். ஹப் கேட்டால், அந்த மாடலுக்கு இப்போது வருவதில்லையாம். நான் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு, கல்லாவில் இருந்த பெரியவரிடம் போனேன். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, பக்கத்திலேயே ஆறு பின் முனையை வைத்து, "சார், இது இதுல எப்படிப் போகும்? நீங்களே காட்டுங்க, போயிடுறேன்" என்றேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பையனை ஒரு பார்வை பார்த்தார். பணம் தரமாட்டேன், வேறு பொருள் எடுத்துக்கொள் என்றார். அதுவே போதும். விளக்கே இல்லாத கறுப்பு ஃபேன், 120 மில்லிமீட்டர், 4 பின் பிடபிள்யூஎம் (நாலாவது பின்னில் வரும் சிக்னலால் வேகம் மாறும் வகை) மூன்றும், ஒன்றை மூன்றாக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயரும் எடுத்தேன். இந்த முறை பில்லில் "4 பின்" என்று எழுதி வாங்கினேன். நீங்களும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

மாட்டுவதில் பெரிய சங்கதி இல்லை. ஃபேன் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கும் வகை என்பதால் முதல் முறை கை வலிக்கும், அழுத்திப் பிடித்துத் திருப்பவேண்டும். திசைக்குச் சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், குறுக்குக் கால்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். நான் முன்னால் இரண்டை உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்றை வெளியே தள்ளவும் வைத்தேன். இழுப்பது அதிகமாக இருந்தால் காற்று ஃபில்டர் வழியாகவே பெரும்பாலும் உள்ளே வரும், சந்து பொந்துகளில் தூசி நுழைவது குறையும்.

ஒரே ஹெடரில் மூன்று ஃபேனா என்று பயப்படுகிறவர்களுக்கு: சாதாரணமாக ஒரு ஃபேன் ஹெடர் 1 ஆம்பியர் தாங்கும், சரியான எண் போர்டு மேனுவலில் இருக்கும். என் ஃபேன் ஒவ்வொன்றின் ஸ்டிக்கரிலும் 0.15 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து பாதியைக்கூடத் தொடவில்லை. ஸ்ப்ளிட்டரின் ஒரு கிளையில் மட்டும்தான் நாலு பின்னும் இருக்கும், மற்றவற்றில் ஒன்று குறையும். உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். வேகத்தைத் திருப்பிச் சொல்லும் பின் அது. ஒரு ஃபேனின் வேகம் மட்டும் போர்டுக்குத் தெரிந்தால் போதும்.

மிஷின் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் பக்கமான பயாஸில் அந்த ஹெடரை பிடபிள்யூஎம் என்று மாற்றவேண்டும், எனக்கு அது டிசியில் (வோல்ட்டைக் குறைத்து வேகத்தை மாற்றும் முறை) இருந்தது. பழைய 3 பின் ஃபேன் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்: டிசியில் வைத்தால்தான் வேகம் குறையும், பிடபிள்யூஎம்மில் விட்டால் முழு வேகத்திலேயே சுற்றும்.

இவ்வளவுக்கும் பிறகு 84 டிகிரி 79 ஆனது, அவ்வளவுதான். முன்பக்கக் கண்ணாடி காற்றை மறித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை ஃபேன் வைத்து என்ன பயன்? அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஓரத்தில் காந்தம் வைத்த 120 மில்லிமீட்டர் வலை ஃபில்டர் இரண்டை இரும்புச் சட்டத்தில் ஒட்டவைத்தேன். 72. பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, தம்பி தினமும் கிண்டல் செய்கிறான். ஃபில்டர் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. குழாயில் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்துத்தான் திரும்ப ஒட்டவேண்டும். காயும் நேரத்தில் மாற்றி ஒட்ட இன்னொரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.