விமானமே மோதாத ஏழாவது கட்டடம்

நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கட்டடங்களை வெடிவைத்துத்தான் தகர்த்தார்கள் என்று நம்புபவர்கள், 9/11 விவாதம் என்றாலே "விமான எரிபொருளால் எஃகு உருகாது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆமாம், உருகாது. அதற்கு ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் 600 டிகிரியிலேயே எஃகின் வலு சுமார் பாதியாகிவிடும். கட்டடம் விழ அது போதும்.

கனமான கேள்வி, அன்று மாலை 5.20க்கு விழுந்த, அதே வளாகத்தின் 47 மாடி ஏழாவது கட்டடம் பற்றியது. விமானம் மோதி விழுந்த வடக்குக் கோபுரத்தின் இடிபாடுகள் அங்கே தீ மூட்டின. நகரக் குடிநீர்க் குழாய்கள் உடைந்ததால் கீழ்மாடி ஸ்பிரிங்க்ளர்களுக்குத் தண்ணீர் வரவில்லை. அமெரிக்க அரசு நிறுவனமான நிஸ்ட்டின் 2008 அறிக்கைப்படி, சூட்டில் விரிந்து நீளம் கூடிய உத்திரங்கள் 13ஆம் தளத்தின் முக்கிய கர்டரை (பெரிய தாங்கு உத்திரத்தை) அதன் தாங்கியிலிருந்து தள்ளிவிட்டன. தளங்கள் அடுக்கடுக்காகச் சரிய, பக்கப்பிடிப்பை இழந்த 79ஆம் தூண் வளைந்தது.

முழு வீடியோவைப் பாருங்கள்: கிழக்குப் பக்கத்து மொட்டைமாடிக் கட்டுமானம் முதலில் உள்ளே இறங்கும். வெளிச்சுவர் விழத் தொடங்குவது சுமார் 7 நொடி கழித்துத்தான். சதிக் கிளிப்புகளில் பெரும்பாலும் வெட்டுப்படுவது இந்த நொடிகளே!

வெடிவைத்ததற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் தடையில்லா வீழ்ச்சி, அதாவது கீழே தாங்க எதுவுமில்லாததுபோல் முழு ஈர்ப்பு முடுக்கத்தில் விழுவது, உண்டுதான். நிஸ்ட்டின் வரைவறிக்கை அதை ஏற்கவில்லை. இயற்பியல் ஆசிரியர் டேவிட் சாண்ட்லர் எதிர்த்துக் கேட்டபின், 2.25 நொடி என இறுதி அறிக்கை ஒப்புக்கொண்டது. உள்பகுதி ஏற்கெனவே போய், வெளித்தூண்களும் வளைந்தபின் தடுக்க எதுவுமில்லை என்பது அவர்கள் விளக்கம்.

என் குறை வேறு. கட்டடம் சரிந்த விதத்தைக் கணக்கிட்ட கணினி மாதிரியின் உள்ளீடுகள் சிலவற்றைப் பொதுப் பாதுகாப்பைக் காரணம்காட்டி நிஸ்ட் தர மறுத்தது. சந்தேகக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய தீனி யாரும் போடவில்லை.