பழைய டி.டி.பி. கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போட்ட அனுபவம்

சேலம் அம்மாப்பேட்டையில் அக்கா டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டெஸ்க்டாப்தான்: இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு, வாசல் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் திறக்காது. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கை என்று நோட்டீஸ் வேலை குவியும். "அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுடா தம்பி" என்றார் அக்கா.

புதுசு வாங்கிவிடலாம் என்பது மாமாவின் எண்ணம். நான் முதலில், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு சும்மா கிடந்தது. 'டிஸ்க்' மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கை வேறு. சில செக்டார்கள் (தகவல் பதியும் சிறு பகுதிகள்) கெட ஆரம்பித்திருந்தன. மற்ற பாகங்களில் குறை எதுவும் தெரியவில்லை. அதனால் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) போட முடிவு செய்தேன்.

ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர்வதையும் சேர்த்தால், ஒவ்வொரு சிறு கோப்புக்கும் பத்துப் பன்னிரண்டு மில்லி செகண்டு காத்திருக்க வேண்டும். டி.டி.பி. கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் ஃபான்ட் இருக்கும். எல்லாம் சின்னச் சின்னக் கோப்புகள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தகடே கிடையாது. அதனால்தான் பழைய கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டபோது மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகையை எடுத்து வைத்தார்கள். எச்61 போர்டில் அதற்கு ஸ்லாட்டே இல்லை. ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் இணையும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான் வேண்டும் என்று கேட்டு 480 ஜிபி வாங்கினேன். இந்த போர்டின் சாட்டா போர்ட் 3 ஜிகாபிட் வகை என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் செகண்டுக்கு 550 எம்பி வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதை நினைத்துத் தயங்க வேண்டாம். காத்திருக்கும் நேரம் போவதுதான் நமக்கு லாபம்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம் என்று கடைக்காரர் சொன்னார். மற்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அக்கா கடையில் யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களும், அவற்றுக்கான கீபோர்டு மென்பொருளும், பல வருடப் பத்திரிகை ஃபைல்களும் இருக்கின்றன. ஒரு ஃபான்ட் விடுபட்டாலும் மாப்பிள்ளை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்துகள் நிற்கும். அதனால் அப்படியே நகல் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

டிஸ்க் கெடும் நிலையில் இருந்ததால், முக்கியமான ஃபைல்களை முதலில் யூ.எஸ்.பி. டிஸ்கில் எடுத்து வைத்தேன். பிறகு, டிஸ்கை நகலெடுக்கும் குளோன்சில்லா மென்பொருள். 500 ஜிபியை 480க்குள் அப்படியே எழுத அது சம்மதிக்காது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கடைசிப் பார்ட்டிஷனை (டிஸ்கின் கடைசிப் பிரிவை) 'ஷ்ரிங்க்' செய்து சுருக்கியபின், குளோன்சில்லாவின் எக்ஸ்பர்ட் மோடில் அளவைச் சோதிக்காமல் விடும் 'ஐசிடிஎஸ்' தேர்வைக் குறிக்க வேண்டும். நகலெடுக்கும் முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கும் வசதி) அணைத்து, டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கும் ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். படிக்க முடியாத செக்டார்களைத் தாண்டிப்போக 'ரெஸ்க்யூ' தேர்வு. எது பழைய டிஸ்க், எது புதியது என்று திரையில் மாடல் பெயரைப் பார்த்து இரண்டு தடவை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் இருப்பதெல்லாம் போய்விடும். இரவு கடை சாத்தும்போது ஓடவிட்டோம். யூ.பி.எஸ். பேட்டரி நல்ல நிலையில் இருந்ததால்தான் அந்தத் தைரியம்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் சாட்டா, 'ஐடிஇ' என்ற பழைய மோடில் இருந்தது. நேராக, எஸ்.எஸ்.டி.க்கு ஏற்ற 'ஏஎச்சிஐ' மோடுக்கு மாற்றினால் நீலத் திரை வரும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைக் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் முறை) குறித்து, ரீஸ்டார்ட் செய்யும்போதே பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்தபின் அந்தக் குறியை எடுத்துவிட்டேன். சிக்கல் இல்லாமல் வந்தது.

இப்போது அக்கா நாற்காலியில் உட்கார்வதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. பேஜ்மேக்கரும் சட்டென்று திறக்கிறது. "இதுக்கா புதுசு வாங்கச் சொன்னீங்க?" என்று மாமாவைக் கேட்டார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஒரு சின்னக் கடைக்கு அந்தப் பணம் மிச்சமாவது பெரிய விஷயம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இந்த ஐ3-யை விண்டோஸ் 11 ஏற்காது. எனவே இதிலிருந்து நெட்டைத் துண்டித்து, மெயில், வாட்ஸ்அப் வேலையை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டோம். ஹார்ட் டிஸ்க் போல எஸ்.எஸ்.டி. முன்கூட்டியே சத்தம் போட்டு எச்சரிக்காது. அதனால் கடை சாத்துமுன் அன்றைய ஃபைல்களை யூ.எஸ்.பி. டிஸ்கில் நகலெடுக்கும் பொறுப்பை அக்காவே எடுத்துக்கொண்டார்.