தோல் புளிப்பதற்கு முன்

சேலத்தில் மாம்பழக் காலம் சித்திரையில் மெல்லத் தொடங்கி, ஆனி முடிவதற்குள் அவசரமாக முடிந்துவிடும். மல்கோவாவும் இமாம் பசந்தும் சேலம் குண்டும் பெயர் சொல்லி விற்கப்படும் பழங்கள். கூழ் எடுக்கும் ஆலைகளுக்குப் போகும் கிளிமூக்கு மாம்பழத்துக்கு அந்த மரியாதை கிடையாது. அதற்கு டன் கணக்கு மட்டுமே. பழத்தின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு தோலாகவே கழிந்துவிடுவதால், ஒரு லோடு பழம் உள்ளே போனால் பின்வாசலில் தோல் சிறு குன்றாகக் குவியும். அந்தக் குன்றிலிருந்து, உணவைக் கெடாமல் காக்கும் உறைத்தாள் செய்வதே அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகே ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் பின்கட்டில் இருந்த சிறு ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை.

ஆலை உரிமையாளருக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, மாற்றுப் பொருள் எதைச் செய்தாலும் விற்கும் என்ற நம்பிக்கை பலருக்கும் பிறந்தது. அவரிடம் மரவள்ளிக் கிழங்கு மாவு இருந்தது. கிழங்கு வரத்து குறைந்து சேகோ காயவைக்கும் களங்கள் காலியாகக் கிடக்கிற வைகாசி, ஆனி மாதங்களில்தான் மாம்பழம் மிகுந்து வருகிறது. மாந்தோலில் பெக்டின் உண்டு. ஜாமைக் கெட்டிப்படுத்துவது அதுதான். எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும் மாஞ்சிஃபெரின் முதலான பாலிஃபீனால்களும் சதையைவிடத் தோலில்தான் அதிகம். மாவைக் கொதிநீரில் கரைத்துக் கூழாக்கி, தோலின் சாரத்தையும் வளைந்து கொடுப்பதற்காகச் சிறிது கிளிசரினையும் சேர்த்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், கண்ணாடித்தாள் போன்ற ஒன்று கிடைக்கும். கிழங்கிலிருந்து மாவெடுத்தபின் மிஞ்சும் திப்பியை நன்றாக அரைத்துச் சிறிதளவு கலந்தால் அதற்கு வலுவும் கூடும். திப்பியை ஒருநாளும் குப்பையில் கொட்டாமல் மாட்டுத் தீவனமாக விற்றுக் காசாக்கும் ஊர் இது என்பதால், தோலையும் அப்படியே காசாக்கிவிடலாம் என்று நாங்கள் எளிதாக நம்பிவிட்டோம்.

முதல் ஆண்டு தோற்றோம். ஒரு கூழ் ஆலையிலிருந்து நீல நிறப் பீப்பாய்களில் தோல் வந்தது. காலையில் சீவிய தோல் மாலையில் வண்டியேறி, இரவு முழுவதும் எங்கள் கொட்டகையில் கிடந்து, மறுநாள் காலை நான் மூடியைத் திறந்தபோது கள்ளுக்கடை வாடை அடித்தது. கழிவுதானே, எப்படி இருந்தால் என்ன என்ற அலட்சியத்தில் அதையே வேகவைத்து வடிகட்டிச் சாரம் எடுத்தேன். தாள் மங்கிய பழுப்பு நிறத்தில் வந்தது. இரண்டு விரலால் இழுத்தவுடன் கிழிந்தது. மூன்றாம் வாரம் அலமாரியில் அடுக்கியிருந்த தாள்களின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. உணவைப் பூஞ்சணத்திலிருந்து காப்பாற்றுவதற்கென்று செய்த பொருள் உணவுக்கு முந்திக்கொண்டு தானே கெட்டுப்போனதைப் பார்த்து உரிமையாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைத் தேடியபோதுதான், என் வேலையை நான் தவறான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்பது புரிந்தது. கத்தி பட்ட நொடியிலிருந்து தோலுக்குள் மூன்று வேலைகள் நடக்கத் தொடங்குகின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி, எண்ணெயைக் காப்பதற்காக நாங்கள் நம்பியிருந்த அதே பாலிஃபீனால்களைக் காற்றோடு சேர்த்துப் பழுப்பாக்கி வீணாக்குகிறது. பழம் கனியும்போது சதையை மென்மையாக்குகிற பெக்டின் மெத்தில் எஸ்டரேஸும் பாலிகாலக்டுரோனேஸும் பெக்டினின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. இவற்றோடு தோலின் மேலேயே குடியிருக்கும் ஈஸ்ட்டுகள், ஒட்டியிருக்கும் சதையின் இனிப்பைத் தின்று புளிக்கவைக்கின்றன. முழு மாம்பழம் கூடையில் ஐந்தாறு நாள் தாங்கும். உரித்த தோல் வைகாசி வெயிலில் அரைநாள்கூடத் தாங்காது. பழத்தைவிட விரைவில் கெடும் பொருளைக் கொண்டு பழத்தைக் காக்கும் தாள் செய்யப் போகிறோம் என்றால், முதலில் காக்க வேண்டியது தோலைத்தான். கழிவு என்ற சொல்லே எங்களை ஏமாற்றியிருந்தது. கெடுவதற்கு அதில் இனி ஒன்றுமில்லை என்பதுபோல அந்தச் சொல் ஒலிக்கிறது.

எனவே அடுத்த பருவத்தில் பீப்பாயைக் கைவிட்டு, கொதிநீர்க் கொப்பரையைத் தோல் சீவும் மேசைக்கு அருகிலேயே கொண்டுபோய் வைத்தோம். சீவிய தோலைக் கழுவி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுத்தால் நொதிகள் செயலிழந்துவிடும். அதன்பின் களத்தில் பரப்பிக் காயவைக்கலாம். கழுவுவதை ஒப்புக்குச் செய்ய முடியாது. தோட்டத்தில் தெளித்த மருந்து தங்குவது பெரும்பாலும் தோலில்தான் என்பதால், ஒவ்வொரு லோடிலும் மருந்தின் எச்சத்தைச் சோதிக்காமல் உணவைத் தொடும் தாளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. மாம்பால் இன்னொரு தொல்லை. காம்பில் வடியும் அந்தப் பாலிலும் தோலிலும் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. சீவும் பெண்களின் விரலிடுக்கில் பருவம் முழுவதும் ஆறாமல் இருக்கும் புண்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதையே கையுறை அணிவதற்கு ஈடாக நினைத்திருந்தவர்களுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுத்ததுதான், என் கருத்தில், அந்த ஆண்டு நாங்கள் செய்த முதல் உருப்படியான காரியம்.

சாரம் சரியான பிறகு, தட்டிலிருந்து தாளை உரிப்பது தலைவலியாயிற்று. உலர்த்தியில் வைத்து நன்றாகக் காய்ந்தபின் எடுத்தால் நொறுங்கியது. காய்வதற்கு முன் எடுத்தால் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. கிளிசரினின் அளவை ஏற்றியும் இறக்கியும் நான் போராடிக்கொண்டிருந்ததைச் சேகோ களத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்த ஒரு மூத்த அம்மா சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்கண்ணு, வடகத்தை உச்சி வெயில்ல யாராச்சும் உரிப்பாங்களா? ராத்திரி வெளியில வெச்சுட்டு விடியக்காலம் எடுத்துப் பாரு" என்றார். ஜவ்வரிசி வடகம் துணியில் ஒட்டிக்கொண்டால் துணியின் பின்புறம் நீர் தெளித்து உரிப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவுடன் அதை மறந்திருந்தேன். மாவுத்தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரவின் ஈரத்தில் ஊறிய தாள் விடியலில் வளைந்து கொடுத்து முழுதாக வந்தது. அதன்பின் உலர்த்தியிலிருந்து எடுக்கும் தட்டுகளை ஈரப்பதம் கூடிய அறையில் சில மணி நேரம் வைத்தபின் உரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

அந்த அம்மா சொன்ன ஈரமே பிறகு எங்களைக் காலை வாரிவிட்டது. சேலத்தின் கோடையில் வெளியில் வைத்த தாள் இரண்டே நாளில் அப்பளம் போல விறைத்துவிட, அதே கட்டிலிருந்து எடுத்த தாளை ஐப்பசியில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனபோது நேர்மாறாக நடந்தது. கொண்டையூசி வளைவுகளில் ஏறி மேலே சென்றதும் பனிமூட்டம் காருக்குள்ளேயே வந்துவிட்டது. எஸ்டேட் கடை ஒன்றில் மிளகுப் பொட்டலம் கட்டிப் பார்ப்பதற்காக எடுத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நனைந்த வாழைச்சருகு போலத் துவண்டிருந்தன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் மலையும் அதன் அடிவாரத்து நகரமும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தும், எங்கள் தாளுக்கு அவை இரண்டு வேறு நாடுகள். மாவுத்தாள் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், எண்ணெயையும் தடுக்கும். நீராவியை மட்டும் அதனால் தடுக்க முடியாது. இதைப் படித்திருந்தேன், ஏற்காட்டில்தான் அது கையில் ஒட்டியது.

தட்டுவடையில் நடந்ததும் இதுவே. சேலத்துத் தட்டுவடை செட்டுக்கான தட்டைகளைப் போட்டு விற்கும் ஒருவரிடம் எங்கள் தாளில் சுற்றிய தட்டைகளையும் சாதாரணப் பையில் போட்ட தட்டைகளையும் கொடுத்து வைத்தோம். எங்கள் தாளில் இருந்தவற்றில் சிக்கு வாடை வருவது தெளிவாகத் தாமதமாயிற்று. எண்ணெய் எவ்வளவு சிக்குப் பிடித்திருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவைச் சோதித்தபோதும் அது உறுதியாயிற்று. ஆனால் தட்டை நமுத்துப்போயிருந்தது. "வாசம் நல்லாத்தாங்க இருக்கு, கடிச்சா சத்தம் வரலையே" என்றார் கடைக்காரர். மொறுமொறுப்பு இல்லாத தட்டை கெட்டுப்போகாமல் இருந்து யாருக்கு என்ன பயன்? தேன்மெழுகைக் கூழில் குழைத்துச் சேர்த்தபோது ஈரம் உட்புகுவது குறைந்தது. ஆனால் தாள் மங்கலாகி, உள்ளே இருப்பது தெரியாமல் போயிற்று. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு உறைகள் குறித்த விதிமுறைகள், பிளாஸ்டிக் உறையிலிருந்து உணவுக்குள் கசியும் பொருளின் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கின்றன. பிளாஸ்டிக்குக்கு அது முற்றிலும் நியாயமான அச்சம். எங்கள் தாளோ, பாலிஃபீனால் உணவுக்குள் கசிந்தால்தான் வேலை செய்யும். எதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு பொருளுக்கு விதி வகுக்கிறார்களோ, அதையே இன்னொரு பொருளின் திறமை என்று விளக்கிக் கோப்பு எழுதுவதற்கு, தாள் செய்ததைவிட அதிக நாட்கள் பிடித்தன.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெடுநாள் உறுத்தியது திட்ட அறிக்கையின் முதல் பக்கம். மூலப்பொருள் என்ற தலைப்பின் கீழ் மாந்தோலுக்கு நேரே நான் எழுதியிருந்த விலை சுழி. கழிவுக்கு விலை ஏது என்று நினைத்துத்தான் எழுதினேன். கொப்பரையை மேசைக்கு அருகே வைத்த பிறகு, சீவும் பெண்களில் ஒருவர் தோலைக் கூடையிலிருந்து அள்ளிக் கழுவி, அமிழ்த்தி, விரித்துவிட்டு மீண்டும் தம் இடத்துக்கு வந்து கத்தியை எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கூலி பழத்தின் எடைக்கு. தோலோடு செலவாகும் நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. பருவத்தின் பாதியில் அவர்களில் இளையவர் மிகுந்த தயக்கத்தோடு, "சார், தோலுக்கும் கூலி போடுவீங்களா?" என்று கேட்டபோது, உரிமையாளர் என்னைப் பார்த்தார்; நான் என் அறிக்கையை நினைத்துக்கொண்டேன். கொப்பரைக்கு எரியும் விறகையும் எச்சம் சோதிக்கும் செலவையும் சேர்த்து மறுபடியும் கணக்கிட்டபோது, தாளின் விலை தட்டைக் கடைக்காரர் வாங்கும் பையைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. அவர் நாசூக்காக விலகிக்கொண்டார்.

இப்போது எங்களிடம் தொடர்ந்து வாங்குபவர், மாம்பழக் கூழைப் பரப்பிக் காயவைத்துத் துண்டு போடும் ஒருவர் மட்டுமே. அவருடைய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் எங்கள் தாளை வைத்து அடுக்கினால் ஒட்டுவதில்லை, உரிக்காமல் அப்படியே தின்னவும் முடிகிறது. அவருக்குத் தேவைப்படும் தாளுக்கு ஒரு கொப்பரையும் இரண்டு பேரும் போதும். அந்த இருவருக்கும் கூலி இப்போது நாள் கணக்கில். காலை எட்டு மணிக்குச் சீவத் தொடங்கும் தோல் பத்து மணிக்குள் கொதிநீரைப் பார்த்துவிடுகிறது. ஏற்காட்டுக்கு அனுப்பும் கட்டுகளை மட்டும் மூடி இறுகிய தகர டப்பாவில் அடைத்து அனுப்புகிறோம்.